கடல் எவ்வளவு ஏறும் என்பதை இடத்தோடும் நேரத்தோடும் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் பிறந்துவிட்டால் தங்கள் மும்பைப் பதிப்பில் ஒரு செய்தி தவறாமல் வந்துவிடுகிறது. ‘இன்று பிற்பகல் கடலில் 4.7 மீட்டர் உயரத்துக்கு அலைகள் எழும். பொதுமக்கள் கடற்கரைப் பக்கம் போக வேண்டாம்’ என்பது அதன் சாரம். மராத்தி, இந்தி நாளிதழ்களிலும் இதே வாசகத்தைக் காண்கிறேன். தொலைக்காட்சிகளோ மெரின் டிரைவ் தடுப்புச்சுவரில் மோதித் தெறிக்கும் நீரைக் காட்டிக்கொண்டே அதே எண்ணைத் திரையின் அடியில் ஓடவிடுகின்றன. அந்த எண் அலையின் உயரம் அன்று. உயர் ஓதத்தின்போது, அதாவது நாள்தோறும் ஏறி இறங்கும் கடல் தன் ஏற்றத்தின் உச்சியில் இருக்கும்போது, அதன் மட்டம் எங்கே நிற்கும் என்பதைச் சொல்லும் எண் அது. காற்று சிறிதும் இல்லாமல் கடல் அமைதியாகக் கிடந்தாலும் நீர் அந்த மட்டம் வரை ஏறத்தான் செய்யும். துறைமுக நீரளவைப் பணியில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதைச் சுட்டிக்காட்டுகிறேன். ஆனால் இந்தச் செய்திப்பிழை சிறியது. இதை ஒட்டி நிற்கும் குறை பெரியது. புயல் நெருங்கும் வேளையில் கடல் நம் வாசலுக்கு வருமா, வந்தால் எத்தனை மணிக்கு வரும் என்பதைக் கணினி மாதிரிகள் இன்று கணித்துத் தருகின்றன. அந்தக் கணிப்பு மும்பைவாசியின் கைக்கு வந்து சேரும்போது, அவருக்குப் பயன்படாத ஒற்றை எண்ணாகச் சுருங்கிவிடுகிறது.

முதலில் அந்த 4.7 மீட்டரை எங்கிருந்து அளக்கிறார்கள் என்று பார்ப்போம். கப்பல்கள் தரைதட்டாமல் வந்துபோக வேண்டும் என்பதற்காகக் கடல் வரைபடங்களில் ஆழத்தை மிகத் தாழ்ந்த வற்றத்தின் மட்டத்திலிருந்து குறிப்பது வழக்கம். ஓத அட்டவணையும் அதே மட்டத்தைத்தான் பூச்சியமாகக் கொள்கிறது. தென்மும்பையின் அப்பல்லோ பந்தர் துறையில் சராசரிக் கடல்மட்டம் இந்தப் பூச்சியத்துக்கு ஏறத்தாழ 2.5 மீட்டர் மேலே இருக்கிறது. ஆகவே 4.7 மீட்டர் ஓதம் என்றால் சராசரிக் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2.2 மீட்டர் என்று பொருள். நிலத்தின் உயரத்தை நாட்டின் நில அளவைத் துறை அந்தச் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடுகிறது. மாநகராட்சிப் பொறியாளர்கள் வடிகால் வரைபடங்களில் எழுதுவதோ ‘டவுன் ஹால் டேட்டம்’ என்ற மூன்றாவது பூச்சியத்திலிருந்து. ஒரே நகரத்தில் கடலுக்கு ஒரு பூச்சியம், நிலத்துக்கு ஒன்று, சாக்கடைக்கு ஒன்று. தாராவியில் தரைத்தளக் கோளியில், அதாவது ஒற்றை அறை வீட்டில், குடியிருக்கும் ஒருவர் நாளிதழில் 4.7 என்று படித்துவிட்டு, அதைத் தம் வாசற்படியோடு ஒப்பிட்டுப் பார்க்க வழியே இல்லை.

ஓதம் நமக்குப் புதிரானதன்று. சூரியனும் சந்திரனும் இழுப்பதால் வரும் ஏற்ற வற்றத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்னரே நிமிடக் கணக்கில் சொல்லிவிடலாம். அப்பல்லோ பந்தரில் 1878ஆம் ஆண்டு முதல் கடல்மட்டம் பதிவு செய்யப்பட்டு வருகிறது. இந்தியப் பெருங்கடல் முழுவதிலும் இவ்வளவு நீண்ட பதிவு உள்ள இடங்கள் மிகச் சில. அதற்கு அடுத்த ஆண்டே, இந்தியத் துறைமுகங்களின் ஓதங்களைக் கணிப்பதற்கென்று லண்டனில் பல்சக்கரங்களும் கப்பிகளும் கொண்ட ஒரு பொறியைச் செய்தார்கள். ஒவ்வொரு சக்கரமும் ஒரு தாளத்துக்கு உரியது: சந்திரனால் வரும் 12 மணி 25 நிமிடத் தாளம், சூரியனால் வரும் 12 மணித் தாளம், நாளுக்கு ஒருமுறை வரும் தாளங்கள் என்று பல. எல்லாவற்றையும் ஒரு கம்பி கூட்டிக் காகிதத்தில் வளைகோடாக வரைந்துவிடும். இன்று அதே கூட்டலைக் கணினி செய்கிறது என்பதைத் தவிர அடிப்படையில் மாற்றம் ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் 4.5 மீட்டரைத் தாண்டும் நாட்களின் பட்டியலை மாநகராட்சி முன்கூட்டியே வெளியிட முடிவது இதனால்தான். அந்தப் பட்டியலில் வானியல் மட்டுமே உண்டு. வானிலைக்கு அதில் இடமில்லை. புயல் வந்தால் கடல் எவ்வளவு கூடுதலாக ஏறும் என்பதை அது சொல்லாது.

புயல் கடலை இரண்டு வழிகளில் உயர்த்துகிறது. இந்தக் கூடுதல் ஏற்றத்தைப் புயல் எழுச்சி என்பார்கள். ஒன்று காற்றழுத்தக் குறைவு. அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். நடுவில் 40 மில்லிபார் குறைந்த புயலானாலும் இந்த வகையில் அரை மீட்டருக்கும் குறைவாகவே கிடைக்கும். மற்றொன்று காற்று, உண்மையான அபாயம் அதில்தான் இருக்கிறது. காற்று நீரின் மேற்பரப்பை இழுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். ஆழ்கடலில் அப்படித் தள்ளப்படும் நீர் அடியில் திரும்பி ஓடிவிடும். ஆழமில்லாத இடத்தில் அதற்கு வழியில்லை, கரைக்கு எதிரே குவிந்துகொண்டே போகும். அண்டாவில் நிறைந்த நீரை ஊதுவதற்கும் தாம்பாளத்தில் பரவிய நீரை ஊதுவதற்கும் உள்ள வேறுபாடு அது. மும்பைக்கு எதிரே கிடப்பது தாம்பாளம். பம்பாய் ஹை எண்ணெய் வயல் கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கேயும் கடலின் ஆழம் சுமார் 75 மீட்டர்தான். கண்டத்திட்டு எனப்படும் ஆழமில்லாத இந்தக் கடலடித் தளம் அதையும் தாண்டி ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வரை நீள்கிறது. சென்னைக்கு எதிரே அதன் அகலம் இதில் ஐந்தில் ஒரு பங்கு கூட இராது. இவ்வளவு அகன்ற திட்டின் மேல் பலத்த மேற்குக் காற்று பல மணி நேரம் வீசினால் என்ன ஆகும் என்பதை இந்தத் தலைமுறை மும்பைக்காரர்கள் இன்னும் பார்க்கவில்லை.

இதைத்தான் கணினி மாதிரிகள் கணிக்கின்றன. கடலையும் கரையோர நிலத்தையும் ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆழத்தையோ தரையின் உயரத்தையோ கொடுத்துவிடுவார்கள். திறந்த கடல் எல்லையில் ஓதத்தை ஏற்றி இறக்குவார்கள். மேலே புயலின் அழுத்தத்தையும் காற்றையும் வைப்பார்கள். பிறகு சில வினாடிகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு கட்டத்திலும் நீர் எவ்வளவு உயர்ந்தது, எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் நகர்ந்தது என்று கணக்கிட்டுக்கொண்டே போகவேண்டும். கட்டம் சிறிதானால் கால இடைவெளியும் சிறிதாக வேண்டும். நீண்ட அலை ஒன்று 75 மீட்டர் ஆழத்தில் மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 10 மீட்டர் ஆழத்தில் அது 36 கிலோமீட்டராகக் குறையும். ஒரே கணக்கீட்டில் அலை ஒரு முழுக் கட்டத்தைத் தாண்டிவிட்டால் பொதுவாக விடை சிதறிப்போகும் என்பது 1928ஆம் ஆண்டிலேயே கணித அறிஞர்கள் நிறுவிய விதி. ஆகவே மாஹிம் முகத்துவாரத்தை நூறு மீட்டர் கட்டங்களில் பார்க்க விரும்பினால் பத்து வினாடிக்கும் குறைந்த இடைவெளியில் மூன்று நாள் புயலைக் கணக்கிட வேண்டும். ஆழ்கடலில் பெரிய முக்கோணங்களும் கரைக்கு அருகே மிகச் சிறிய முக்கோணங்களும் கொண்ட வலையைப் பின்னுவது இந்தச் சுமையைக் குறைப்பதற்காகத்தான்.

நம் நாட்டில் இதற்கு நல்ல அடித்தளம் இருக்கிறது. டெல்லி ஐஐடியில் பல பத்தாண்டுகளாக உருவாக்கப்பட்ட புயல் எழுச்சி மாதிரியை இந்திய வானிலைத் துறை தன் புயல் அறிவிப்புகளில் பயன்படுத்துகிறது. ஹைதராபாத்தில் உள்ள, கடல் தகவல் சேவைக்கான இன்காய்ஸ் நிறுவனம், முக்கோண வலையில் இயங்கும் ‘ஆட்சர்க்’ என்ற மாதிரியைக் கொண்டு எந்தக் கரையோரம் எவ்வளவு நீரில் மூழ்கும் என்று கணிக்கிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனபோதோ, 1977 நவம்பரில் ஆந்திரத்தின் திவிசீமாவில் ஆயிரக்கணக்கானோர் ஒரே இரவில் மாண்டபோதோ இவற்றில் எதுவும் நம் கையில் இல்லை. ஒடிசாவில் 1999ஆம் ஆண்டுப் புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தனர். 2013இல் பைலின் வந்தபோது உயிரிழப்பு சில பத்துகளில் நின்றதென்றால், முன்னறிவிப்பை நம்பி இலட்சக்கணக்கானோரை முன்னதாகவே வெளியேற்றியதுதான் காரணம். அறிவியலைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

சிக்கல் மும்பையின் தனித்தன்மையில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்த நமக்குக் கிழக்குக் கடற்கரைப் புயல்கள் பழக்கம். அங்கே புயல் மேற்கு நோக்கி வந்து கரையேறுகிறது. காற்று இடஞ்சுழியாகச் சுற்றுவதால் கரையேறும் இடத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து நிலத்துக்கு வீசும், தெற்கே நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். கடல் ஊருக்குள் புகுவது பெரும்பாலும் வடக்குப் பக்கத்தில். கடலூர், நாகப்பட்டினப் பக்கத்துப் பெரியவர்கள் இதை அனுபவத்தில் சொல்வார்கள். மும்பையில் இது அப்படியே தலைகீழ். இங்கே கடல் மேற்கே இருக்கிறது. புயல் கிழக்கு நோக்கியோ வடகிழக்கு நோக்கியோ கரையேறினால் கடல்காற்று வீசுவது தெற்குப் பக்கத்தில். எனவே மும்பையின் மேலேயே வந்து ஏறும் புயலை விட, நகரத்துக்குச் சற்று வடக்கே, வசை அல்லது பால்கர் பக்கம் ஏறும் புயல் நமக்கு ஆபத்தானது. ‘புயல் மும்பையை விட்டு வடக்கே விலகிவிட்டது’ என்று ஒரு நாள் தலைப்பு வந்தால், அன்றைக்குத்தான் மாஹிமிலும் வொர்லியிலும் நீர் ஏறக்கூடும்.

2020 ஜூன் 3ஆம் தேதி நிசர்கா புயல் அலிபாகுக்குச் சற்றுத் தெற்கே கரையேறியது. மணிக்கு 110 முதல் 120 கிலோமீட்டர் வேகக் காற்று. நம் நகரம் அதன் வடக்குப் பக்கத்தில் இருந்ததால் நமக்குக் கிடைத்தது பெரும்பாலும் நிலத்திலிருந்து வந்த காற்று. அடி முழுவதும் ராய்கட் மாவட்டத்துக்குப் போயிற்று. கொலாபாவுக்கும் அலிபாகுக்கும் இடையே கடல்வழியில் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் இராது. 24 மணி நேரத்துக்கு முன் சொல்லப்படும் புயல் பாதையில் சராசரிப் பிழை இன்றும் 70, 80 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. வானிலைத் துறையின் திறமைக் குறைவு என்று இதைக் கொள்ளக் கூடாது. உலகின் சிறந்த மையங்களின் பிழையும் இதிலிருந்து வெகுதூரம் குறைந்துவிடவில்லை. ஆயினும் அதன் பொருள் தெளிவானது: முந்தின நாள் கையிலிருக்கும் தகவலை வைத்து, மும்பை புயலின் எந்தப் பக்கத்தில் விழும் என்பதையே உறுதியாகச் சொல்ல முடியாது. அப்போது ஒரே ஒரு பாதையைக் கணினியில் ஓட்டி ஒரே ஒரு எண்ணை வெளியிடுவது, இல்லாத உறுதியை மக்களுக்குக் காட்டுவதாகும்.

இதைவிடவும் முக்கியமானது நேரம். சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டர் அளவுதான். புயல் எழுச்சி எந்த மணியில் வந்தாலும் மொத்த நீர்மட்டத்தில் பெரிய மாற்றம் இராது. மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அந்த வேறுபாடு நான்கு மீட்டரைத் தாண்டுகிறது, அதுவும் ஆறு மணி நேரத்துக்குள். ஒன்றரை மீட்டர் எழுச்சி வற்றத்தின்போது வந்தால் சாதாரண நாளின் ஏற்றத்தைக் கூட அது எட்டாது. ஜூஹுவில் நடைபயிற்சிக்குப் போகிறவர்கள் கவனித்தாலே அரிது. அதே ஒன்றரை மீட்டர் 4.7 மீட்டர் ஓதத்தின் உச்சியில் வந்து சேர்ந்தால் மொத்தம் 6 மீட்டரைத் தாண்டும். இந்த நகரத்தின் கடல்சுவர்கள், மதகுகள், நாலாக்கள் எனப்படும் வடிகால் ஓடைகள் எவையும் அந்த மட்டத்தை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவையல்ல. புயல் மணிக்கு 15, 20 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. மூன்று மணி நேரம் முந்தினாலோ பிந்தினாலோ ஐம்பது கிலோமீட்டர் கணக்குத்தான். அந்த மூன்று மணி நேரம் இங்கே இரண்டு மீட்டர் நீருக்குச் சமம். எழுச்சியைக் கணிப்பதில் வரும் அரை மீட்டர் பிழையைப் பற்றி நிபுணர்கள் கவலைப்படுவது நியாயம்தான் என்றாலும், மும்பையைப் பொறுத்தவரை கரையேறும் மணியில் வரும் பிழை அதைக் காட்டிலும் பெரிது என்பது என் கணிப்பு.

இவ்வளவும் தெரிந்திருந்தும் அறிவிப்புகள் எப்படி வருகின்றன? ‘வானியல் ஓதத்துக்கு மேல் 1 முதல் 2 மீட்டர் வரை எழுச்சி இருக்கும், மும்பை, தானே, ராய்கட் மாவட்டங்களின் தாழ்வான பகுதிகள் மூழ்கலாம்’ என்று நிசர்காவின்போது வந்தது. அறிவியல் முறையில் அந்த வாசகத்தில் குற்றம் காண முடியாது. ஆனால் வானியல் ஓதம் அந்த மணியில் எவ்வளவு என்று வாசகர் வேறொரு அட்டவணையில் தேடவேண்டும், இரண்டையும் கூட்டவேண்டும், கூட்டியதைத் தன் தெருவின் உயரத்தோடு ஒப்பிடவேண்டும், அதற்கு மேலே சொன்ன மூன்று பூச்சியங்களையும் தெரிந்திருக்கவேண்டும். அதோடு ஆழமில்லாத கடலில் ஓதமும் எழுச்சியும் ஒன்றையொன்று பாதிப்பதால் வெறும் கூட்டலே சரியான விடையைத் தராது. கரையில் உடையும் அலைகள் தள்ளும் நீரும் மட்டத்தைச் சற்று உயர்த்தும். இவையெல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் சேர்த்துக் கணிக்கும் வசதி மாதிரிகளிலேயே இருக்கும்போது, அதைப் பிரித்துத் துண்டுதுண்டாகக் கொடுத்து மக்களைக் கூட்டச் சொல்வது ஏன்?

மும்பையில் கடல் ஏறுவதற்குப் புயல்கூடத் தேவையில்லை என்பதையும் மறக்கக் கூடாது. நகரத்தின் மழைநீர் வெளியேறும் வாய்களில் பெரும்பாலானவை உயர் ஓத மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. ஓதம் ஏறும்போது மதகுகளை அடைத்துவிட்டு, ஹாஜி அலி, லவ் குரோவ், இர்லா, கிளீவ்லேண்ட் பந்தர் போன்ற நிலையங்களில் நீரை இறைத்துக் கடலில் விடவேண்டும். மதகும் பம்பும் இல்லாத இடங்களில் கடல் நாலா வழியாக ஊருக்குள் திரும்பி வரும். 2005 ஜூலை 26ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அன்று பிற்பகலில் ஓதமும் ஏறத்தாழ 4.5 மீட்டருக்கு ஏறி நின்றதால் மித்தி ஆற்றின் நீருக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று. தாராவியில் மாஹிம் ஓடையை ஒட்டிய சந்துகளிலும் டிராம்பே பக்கம் சீதா கேம்பிலும் இருக்கும் நம்மவர் வீடுகளில், மழை ஒரு துளி இல்லாத ஆகஸ்ட் நாளிலும் மோரியின் (வீட்டுக்குள் பாத்திரம் கழுவும், குளிக்கும் இடத்தின்) துளை வழியே கறுப்பு நீர் குமிழியிட்டு மேலே வருவதைப் பார்க்கலாம். துணி சுற்றிய செங்கல்லை அதன்மேல் அழுத்தி வைத்துவிட்டு, சமையல் எரிவாயு உருளையைக் கட்டிலின் மேல் ஏற்றிவிட்டு, ஒன்றரை மணி நேரத்தில் வடிந்துவிடும் என்று பெண்கள் மணி பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அவர்களுக்கு ஓதத்தின் நேரத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தோடு புயலின் கணக்கைச் சேர்த்துச் சொல்ல மட்டுமே ஆள் வேண்டும்.

இந்தத் திசையில் ஒரு தொடக்கம் நடந்திருக்கிறது. 2020 ஜூனில், நிசர்கா போன சில நாட்களிலேயே, ‘ஐஃப்ளோஸ் மும்பை’ என்ற வெள்ள முன்னறிவிப்பு அமைப்பு தொடங்கி வைக்கப்பட்டது. மத்தியப் புவி அறிவியல் அமைச்சகம் மாநகராட்சியோடு இணைந்து அதை உருவாக்கியது. அதில் சென்னையில் இயங்கும் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தின் பங்கு பெரிது என்பது நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி. மழை, ஆறு, வடிகால், ஓதம், புயல் எழுச்சி ஆகியவற்றை ஒன்றாகக் கணக்கில் கொண்டு 6 முதல் 72 மணி நேரத்துக்கு முன்பே வார்டுவாரியாக வெள்ளத்தைக் கணிப்பது அதன் நோக்கம். நான் கேட்பது அந்தக் கணிப்பு அதிகாரிகளின் கட்டுப்பாட்டு அறையோடு நின்றுவிடாமல், எளிய வடிவில் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் உருதுவிலும் தெருவுக்கு வரவேண்டும் என்பதே. கட்டங்களின் தரை உயரமும் காலத்தோடு புதுப்பிக்கப்பட வேண்டும். பாந்த்ரா குர்லா வளாகத்துக்காகச் சதுப்புநிலம் மேடாக்கப்பட்டது. கடற்கரைச் சாலைக்காகப் புதிய நிலம் கடலில் எழுந்தது. பழைய கரைக்கோட்டை வைத்துக்கொண்டு ஓட்டும் மாதிரி மாஹிம் விரிகுடாவின் நீரை எங்கே அனுப்பும் என்று கேட்கத் தோன்றுகிறது.

எண்ணுக்குப் பதிலாக நிகழ்தகவைச் சொன்னால் மக்கள் குழம்பிவிடுவார்கள், அல்லது ‘இவர்களுக்கே தெரியவில்லை’ என்று அலட்சியம் செய்வார்கள் என்று சில அதிகாரிகள் அஞ்சுவதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் உடன்பாடில்லை. அமெரிக்கத் தேசியப் புயல் மையம் பாதையையும் வேகத்தையும் அளவையும் சிறிது சிறிதாக மாற்றி நூற்றுக்கணக்கான ஓட்டங்களை ஓட்டுகிறது. அவற்றிலிருந்து, தாண்டப்படுவதற்குப் பத்தில் ஒரு வாய்ப்பு உள்ள நீர் உயரத்தை, தரைக்கு மேல் எவ்வளவு என்று வரைபடத்தில் வண்ணமிட்டுக் காட்டுகிறது. தரைக்கு மேல் என்பதைக் கவனிக்கவும்: முழங்காலா, இடுப்பா, தலைக்கு மேலா என்று பார்த்தவுடன் புரியும். வடகடலில் 1953ஆம் ஆண்டு ஜனவரி 31 இரவில் எழுந்த எழுச்சியில் நெதர்லாந்தில் 1,836 பேரும் இங்கிலாந்தில் 307 பேரும் இறந்தார்கள். அதன்பின் அமைந்த முன்னறிவிப்பு ஏற்பாட்டைக் கொண்டுதான் லண்டனில் தேம்ஸ் தடுப்பணையின் கதவுகளை எப்போது மூடுவதென்று இன்றும் முடிவு செய்கிறார்கள். மழைக்கு ‘பரவலாக’, ‘ஓரிரு இடங்களில்’ என்ற அறிவிப்புகளைக் கேட்டு வளர்ந்த நம் மக்களுக்கு ‘பத்தில் ஒரு வாய்ப்பு’ என்பது புரியாது என்று சொல்வது அவர்களைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

இதற்கு நேரெதிரான ஆபத்தும் இருக்கிறது. 1882 ஜூனில் பம்பாயைப் பெரும்புயல் தாக்கி ஒரு இலட்சம் பேர் இறந்ததாக ஒரு செய்தி ஆண்டுதோறும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சில நூல்களிலும் ஏறிவிட்டது. ஆய்வாளர்கள் அக்காலப் பத்திரிகைகளையும் வானிலைப் பதிவுகளையும் தேடியபோது அப்படியொரு புயலுக்குச் சான்றே கிடைக்கவில்லை. 1948 நவம்பரில் நகரைத் தாக்கிய புயல் உண்மையானது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கட்டுக்கதையால் மக்களைப் பயமுறுத்துவதை விட, அரபிக்கடல் வெப்பமாகி வருவதையும், அண்மை ஆண்டுகளில் அங்கே வலிமையான புயல்கள் கூடியிருப்பதையும், 2021 மே 17இல் டவ்தே புயல் கரையிலிருந்து வெகுதூரம் விலகிச் சென்றும் கேட்வே ஆஃப் இந்தியா அருகே சுவரை உடைத்ததையும், பம்பாய் ஹை பக்கம் எண்ணெய் வயல் பணியாளர்கள் தங்கியிருந்த பி-305 மிதவையை மூழ்கடித்து எழுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதையும் எடுத்துச் சொன்னாலே போதும்.

கடல்மட்ட உயர்வைப் பற்றி ஒரு வார்த்தை. வட இந்தியப் பெருங்கடலில் 1993 முதல் 2015 வரை ஆண்டுக்குச் சுமார் 3.3 மில்லிமீட்டர் வீதம் கடல் உயர்ந்திருக்கிறது என்று புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020ஆம் ஆண்டு மதிப்பீடு கூறுகிறது. முப்பது ஆண்டுகளில் பத்து சென்டிமீட்டர். பார்வைக்குச் சிறிது, ஆனால் மதகின் விளிம்பை இதுவரை தொட்டுவிட்டுத் திரும்பிய ஓதங்கள் இனி அதைத் தாண்டும். ஓத அட்டவணையிலும் மாதிரிகளிலும் சராசரிக் கடல்மட்டத்தை உரிய காலத்தில் திருத்தினால் இதற்கு ஈடு செய்துவிடலாம்.

கணிப்பு சரியாக இருந்ததா என்று பின்னர் பார்ப்பதும் கணிப்பின் ஒரு பகுதிதான். அப்பல்லோ பந்தரின் கடல்மட்ட அளவி நகரத்தின் தென்முனையில் இருக்கிறது. மாஹிம் விரிகுடாவிலும் தானே ஓடையிலும் நீர் நடந்துகொள்ளும் விதம் வேறு. தாராவி பக்கத்தில் ஒன்று, மாஹிம் காஸ்வே அருகே ஒன்று, டிராம்பே படகுத்துறையில் ஒன்று என்று சென்டிமீட்டர் குறியிட்ட மட்டக் கோல்களை நட்டு, அவற்றின் பூச்சியத்தைச் சராசரிக் கடல்மட்டத்தோடு இணைத்துவிட்டால், பெரிய ஓத நாட்களில் அப்பகுதிப் பள்ளி மாணவர்களே படித்து எழுதிவிடுவார்கள். இதற்கு ஆகும் செலவு ஒரு பம்பின் ஒரு நாள் டீசல் செலவை விட அதிகமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மாதிரியை ஓட்டுகிறவர்களுக்கு இந்த எண்கள் எவ்வளவு தேவை என்பதை அவர்களிடமே கேட்டுப் பார்க்கலாம்.

தங்கள் நாளிதழால் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ‘4.7 மீட்டர் அலை’ என்பதை நிறுத்திவிட்டு, ஓதத்தின் நேரத்தையும் சராசரிக் கடல்மட்டத்துக்கு மேல் அதன் உயரத்தையும் ஒரு சிறு கட்டத்தில் போடுங்கள். புயல் அறிவிப்பு வரும் நாட்களில், அதே கட்டத்தில் மொத்த நீர்மட்டத்தின் குறைந்த, மிகுந்த மதிப்புகளையும், அவை எதிர்பார்க்கப்படும் மணிகளையும் வானிலைத் துறையிடமோ இன்காய்ஸிடமோ கேட்டு வாங்கிப் போடுங்கள். கேட்கிற நாளிதழ்கள் நான்கைந்து சேர்ந்தால் அவர்களும் அந்த வடிவிலேயே கொடுக்கத் தொடங்குவார்கள். தாராவி, சயான் கோலிவாடா, மாஹிம், ஆன்டாப் ஹில், சீதா கேம்ப் ஆகிய பகுதிகளில் அனைவரும் அறிந்த சில இடங்களின், ஒரு பள்ளி வாசல், ஒரு கோயில் படி, ஒரு ரேஷன் கடைத் திண்ணை என்பன போன்றவற்றின் தரை உயரத்தை அதே அளவில் ஜூன் தொடங்கும் முன் ஒருமுறை அச்சிட்டுவிட்டால், வாசகர்கள் அந்தப் பக்கத்தை வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்வார்கள். அந்த உயரங்களை அளந்து கொடுக்க, என்னோடு பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பர்கள் சிலர் மட்டக்கருவியோடு வரத் தயாராக இருக்கிறார்கள். மாநகராட்சி வார்டு அலுவலகத்தின் அனுமதி மட்டும் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீரளவையாளர் ஒருவர்,
சயான் கோலிவாடா, மும்பை.